வீடு பார்க்க வந்தவர்கள்

வீட்டை விற்றவனை எங்கள் தெருவில் ‘வீடுதின்னி’ என்பார்கள். அந்தப் பெயரைச் சூட்டியவன் நான். மூன்றாம் வீட்டுக்காரர் தம் தகப்பனார் கட்டிய வீட்டை ஒரு லாட்ஜ் முதலாளிக்கு எழுதிக் கொடுத்துவிட்டுச் சாமான்களை லாரியில் ஏற்றிய காலையில், நாலு பேர் காதில் விழும்படி அந்தச் சொல்லை உதிர்த்தேன். பி.ஏ. பட்டமும் தாலுகா அலுவலகத்தில் முப்பது வருடப் பணியும் உள்ள ஒருவனின் வாய்ச்சொல்லுக்குத் தெருவில் முத்திரைத்தாளின் மதிப்பு உண்டு. சொல் நிலைத்துவிட்டது. அந்த மனிதர் போய், அவர் வீடும் இடிந்து, அவ்விடத்தில் நாலு மாடி லாட்ஜ் எழும்பிய பிறகும் சொல் மட்டும் தெருவிலேயே குடியிருந்தது.

ஆகவே தொண்ணூறுகளின் நடுவில், ஓய்வுபெற்ற மறு வருடம், என் வீட்டையே விற்பதென்று நான் தீர்மானித்தபோது எனக்கிருந்த கவலை விலையைப் பற்றியதன்று. விற்பது தெருவுக்குத் தெரியக் கூடாது, அவ்வளவுதான். பத்திரம் பதிவாகி, சாமான்கள் ஊருக்கு வெளியே வேங்கிக்கால் போய்ச் சேர்ந்த பின் அவர்கள் எதை வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும். கேட்பதற்கு நான் அங்கே இருக்கமாட்டேன்.

விற்றதற்குக் காரணம் வறுமையன்று என்பதை இங்கே பதிவு செய்துவிடுகிறேன். கலெக்டர் அலுவலகம் வேங்கிக்காலில் அமைந்ததும், என்னோடு வேலை பார்த்தவர்களும் எனக்குக் கீழே வேலை பார்த்தவர்களும் அந்தப் பக்கம் வீடு கட்டிக்கொண்டு, இன்னும் வாங்காத காருக்குப் போர்டிகோவும் கட்டிவிட்டார்கள். நானோ பௌர்ணமிக்குப் பௌர்ணமி என் வாசற்படியில் உட்கார்ந்து குதிகாலை அமுக்கிவிட்டுக்கொள்ளும் அந்நியர்களைத் தாண்டி என் வீட்டுக்குள் போய்க்கொண்டிருந்தேன். மலையைச் சுற்றி வருபவர்கள் பெருகிக்கொண்டே இருந்த காலம் அது. அண்ணாமலையாரிடம் அவர்கள் என்ன கேட்டார்களோ அறியேன். என்னிடம் எல்லோரும் கேட்டது பாத்ரூம்.

வீட்டில் நாங்கள் மூவர்: நான், என் மனைவி, என் மகள். நாலாவதாக நாய்.

மகள் எம்.எஸ்ஸி., பி.எட். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு ஆசிரியர் வேலை தேடிக்கொண்டிருந்தாள். அந்தப் பதிவு அட்டையைப் புதுப்பிப்பதே ஒரு வேலைதான், சம்பளந்தான் இல்லை என்பாள். விண்ணப்பம் எழுதாத நேரங்களில் வீணை கற்றாள். அது என் ஏற்பாடு. வீணை ஒலி வரும் வீட்டைப் பற்றி எவரும் தாழ்வாகப் பேசத் துணியமாட்டார்கள் என்பது என் கணிப்பு. ஆறு மாதத்தில் சரளி வரிசைகளைக் கடந்து முதல் கீதத்துக்கு வந்து சேர்ந்தாள். வந்த இடத்திலேயே நின்றும்விட்டாள். வாரம் இருமுறை வரும் பாட்டு டீச்சர், “கை பழகட்டும் சார்” என்பார். கை பழகியதோ இல்லையோ, தெரு பழகிவிட்டது. பால்காரர் அந்தக் கீதத்தைச் சீட்டியடித்துக்கொண்டு போவதை நானே கேட்டிருக்கிறேன்.

நாயை ராஜபாளையம் என்று சொல்லித்தான் ஓர் உறவினர் கோணிப்பையில் கொண்டுவந்து கொடுத்தார். நானும் அப்படியே அறிவித்துவிட்டேன். குட்டியில் வெள்ளையாகத்தான் இருந்தது. வளர வளரக் காவி ஏறியது. இந்த ஊரில் வந்து சேர்ந்தவர்களுக்குக் காவி ஏறுவது புதிதல்ல என்பதால் அதையும் விட்டுவிடலாம். ஆனால் ராஜபாளையத்துக்குரிய மூர்க்கம் அதனிடம் எள்ளளவும் இல்லை. வருகிற எவரையும் பார்த்துக் குரைக்காது. மாறாக, வீட்டை விட்டுப் போகிற எவரையும் தெருமுனை வரை கூடவே நடந்து சென்று வழியனுப்பிவிட்டு வரும். எங்கள் வீட்டுக்கு விருந்தாளி வந்து போனார் என்பதைத் தெரு முழுவதற்கும் இப்படி நடந்தே அறிவித்துவிடும். வீணையில் மேல் ஸட்ஜம் வரும்போது மட்டும் கழுத்தை நீட்டி ஊளையிடும்.

தரகர் கீழ்பென்னாத்தூர்க்காரர். மாட்டுத் தரகிலிருந்து வீட்டுத் தரகுக்கு உயர்ந்தவர். தொழில் மாறியதே தவிர முறை மாறவில்லை. வந்ததும் என் வீட்டுச் சுவரைத் தட்டிப் பார்த்தார்; தூணைத் தடவினார்; கிணற்றில் எட்டிப் பார்த்தார். வீட்டுக்கு வாய் இருந்தால் திறந்து பல்லையும் எண்ணியிருப்பார். பிறகு தோளிலிருந்த துண்டை எடுத்து என் வலக்கையின் மேல் போர்த்தி, உள்ளே தம் கையை விட்டு என் விரல்களைப் பிடித்தார்.

“என்னப்பா இது?”

“வெல சார். வாயால சொன்னா செவுத்துக்கும் காது இருக்குது. எந்த வெரலுக்கு எவ்ளோன்னு சொல்லிடறேன், புடிச்சிக் காட்டுங்க.”

சந்தையில் மாட்டுக்கு விலை பேசுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கையைத் துண்டுக்குள் விட்டு நின்றிருக்கிறேன் என்று என் கல்லூரித் தோழர்கள் அறிந்தால் என்ன சொல்வார்கள் என்று ஒரு கணம் யோசித்தேன். ஆனால் இரகசியம் வேண்டியவனுக்கு இதைவிடப் பொருத்தமான தரகர் கிடைக்கமாட்டார். விரலைக் கொடுத்தேன்.

முதலில் வந்தவர் ஒரு மல்லாட்டை வியாபாரி, கடலை மண்டி வைத்திருப்பவர். மனைவி, தங்கை, மைத்துனர் என்று வேன் நிறைய வந்து இறங்கினார். முன்னால் தரகர், கையில் தாம்பாளம். அதில் வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு பழம், பூ. “வெறுங்கையோட ஒரு வீட்டப் பாக்கப் போவக் கூடாது சார், லச்சுமி இருக்கிற எடம்” என்பது அவர் கொள்கை. அடுக்களை அக்கினி மூலையில் இல்லை என்று அந்த அம்மாள் உரத்த குரலில் ஆராயத் தொடங்கவே, பேச்சு தெருவில் கேட்டுவிடும் என்று அஞ்சிய நான், மகளைப் பின்னறையில் உட்கார்ந்து வீணை வாசிக்கச் சொன்னேன். கீதம் தொடங்கியது. நாய் ஊளையிட்டது. எல்லோரும் மொட்டைமாடிக்கு ஏறிப் பார்த்து, தலையை ஆட்டிக்கொண்டு இறங்கினார்கள். கூடத்துச் சன்னலருகே துண்டுக்குள் விரல்கள் கொஞ்சம் முன்னும் பின்னும் போயின. அரை மணியில் புறப்பட்டுவிட்டார்கள். நாய் வேனுக்குப் பின்னாலேயே தெருமுனை வரை மரியாதையாகப் போய் வந்தது.

எதிர்வீட்டு அம்மாள் அன்று மாலையே தயிருக்கு உறைமோர் கேட்கிற பாவனையில் வந்தார். வருடத்தில் முந்நூறு நாள் எங்கள் வீட்டு உறைமோரில் தயிர் தோய்ப்பவர்.

“இன்னாக்கா, சொல்லவே இல்லியே. பையன் வரலியா, பெரியவங்க மட்டுந்தான் வந்தாங்களா?”

என் மனைவி கிண்ணத்தில் உறைமோரை ஊற்றினாள்.

“பொண்ணு நல்லாத்தான் வாசிச்சா. சன்னல்ல பாத்தேன், துண்டுக்குள்ள சீரு பேசிட்டிருந்தாங்க. ஜாஸ்தி கேக்கறாங்களா?”

உறைமோரை வாங்கிக்கொண்டு அவர் போனதும் மனைவி என்னிடம் ஓடிவந்தாள். “ஏங்க, அவங்கல்லாம் பொண்ணு பாக்க வந்தவங்கன்னு நெனச்சிக்கிட்டாங்க! போய்ச் சொல்லிட்டு வந்துடவா?”

நான் யோசித்தேன். தாம்பாளம், பழம், பூ, வீணை, மாடியில் தனிப்பேச்சு, துண்டுக்குள் பேரம். தெருவைக் குறை சொல்வதற்கில்லை. சான்றுகள் அனைத்தும் அந்த முடிவையே நோக்கின. வீட்டை விற்கிறான் என்று பேசுவதைக் காட்டிலும் பெண்ணுக்கு வரன் பார்க்கிறான் என்று பேசுவது ஒரு குடும்பத்துக்கு எவ்வளவோ கௌரவம்.

“பொய் சொல்ல வேணாம்,” என்றேன். “மறுக்காம இரு. அது போதும்.”

மகள் கேட்டுவிட்டுச் சிரித்தாள். “ஆக, ஒங்க வீட்டு வியாபாரம் இப்ப என் பேர்ல ஓடுது. எத்தினி நாளைக்குப்பா?”

“வீடு முடியிற வரைக்கும்.”

வீடு முடியவில்லை. இரண்டாவதாக வந்த வேலூர்க்காரர் அளவு நாடாவைப் பிடித்து முற்றத்தை மூன்று முறை அளந்தார். மூன்று முறையும் வேறு வேறு அளவு வந்ததற்கு வீட்டைக் குற்றம் சொன்னார். மூன்றாவதாக நெல்லூர்ப் பக்கத்துத் தம்பதி. அவர்களுக்கு அடுக்களையும் வேண்டாம், கிணறும் வேண்டாம். மாடியிலிருந்து மலை தெரிய வேண்டும். ஏறிப் பார்த்தால் பாதி மலைதான் தெரிந்தது. மற்றப் பாதியை, மூன்றாம் வீடு இருந்த இடத்தில் எழும்பிய லாட்ஜின் தண்ணீர்த்தொட்டி மறைத்திருந்தது. தெரிந்த பாதியை நோக்கி அவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு, “சிகரம் கனிபிஞ்சலேது” என்று, உச்சி தெரியாத வருத்தத்தோடு கைவிரித்து இறங்கினார்கள். மாடியில் நின்று சாமியிடம் உத்தரவு கேட்டார்கள், கிடைக்கவில்லை என்று தெரு முடிவுகட்டியது. இன்னொருவர் எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டு, நாய் வீட்டோடு சேர்த்தியா என்று மட்டும் கேட்டார். கடைசியாக வந்தவர் கூடத்தைத் தாண்டவே இல்லை. வீணையைச் சற்று நேரம் கேட்டு, “பக்கத்து வீட்ல தெனமும் இப்படித்தாங்களா?” என்றார். எங்கள் வீடுதான் என்று தரகர் விளக்குவதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டுவிட்டார்.

ஆறு மாதத்தில் ஏழு பேர். ஏழு முறையும் அதே தாம்பாளம், அதே கீதம், அதே ஊளை, தெருமுனை வரை அதே வழியனுப்பு. நாலாவது ஆள் போனபோதே எதிர்வீட்டு அம்மாளின் குரல் கனிந்துவிட்டது. ஆறாவது ஆளுக்குப் பின் உறைமோர் வாங்க வருவதை நிறுத்தி, கோயில் குங்குமம் கொண்டுவந்து கொடுக்கத் தொடங்கினார். கடைத்தெருவில் என்னைக் கண்டவர்கள் தோளைத் தொட்டு, “அமையிற நேரத்துல அமையும் சார்” என்றார்கள். நான் தலையசைத்தேன். வீட்டை விற்கிறேன் என்று ஒருவருக்கும் தெரியவில்லை என்பதில் எனக்கு உள்ளூரத் திருப்திகூட இருந்தது. எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் இருந்தது.

அந்த நாளில்தான் ஊரிலிருந்த ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் வேதியியல் ஆசிரியர் இடம் காலியாயிற்று. மகள் விண்ணப்பித்தாள். மாதிரி வகுப்பு எடுக்கச் சொன்னார்கள், எடுத்தாள். தலைமை ஆசிரியை கைகுலுக்கினாராம். தாளாளரைப் பார்த்துவிட்டுப் போகும்படி சொல்லி அனுப்பினார்களாம். அவள் பகல் சாப்பாட்டு வேளைக்குத் திரும்பினாள். ஒரு செம்புத் தண்ணீரை நின்றபடியே குடித்துவிட்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

“தாளாளர் ரொம்ப அக்கறையா பேசினாருப்பா. ‘ஏழு எடம் வந்து பாத்துட்டுப் போயிட்டாங்களாமே, எட்டாவது கண்டிப்பா அமைஞ்சிடும்மா, நடு வருஷத்துல நீ கௌம்பிட்டா பசங்க கதி இன்னாவறது’ன்னாரு. வேல இல்ல.”

என் மனைவி அடுக்களை வாயிலில் வந்து நின்றாள்.

“அதோட விடல. அவரு மச்சான் ஒருத்தர் இருக்காராம். ரெண்டாந்தாரம், பரவால்லியான்னு கேட்டாரு. ஏழு தட்டிப் போன பொண்ணுக்கு இது நல்ல எடமாம்.”

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் கையமர்த்தினாள். அப்படி அவள் அதற்கு முன் என்னிடம் செய்ததில்லை.

“வந்தவங்க ஒருத்தர்கூட என் மொகத்தப் பாக்கலப்பா. ஒங்க வீட்டப் பாத்தாங்க. நல்லா இல்லன்னு போனது வீடு. கெட்ட பேரு மட்டும் எனக்கா?”

தாலுகா அலுவலகத்தில் முப்பது வருடம் பதில் எழுதியவன் நான். எந்த மனுவுக்கும் என்னிடம் ஒரு பதில் இருக்கும். இந்த மனுவுக்கு நேரிலேயே போவதென்று தீர்மானித்தேன்.

மறுநாள் காலை சலவைச் சட்டை அணிந்து, குடையை எடுத்துக்கொண்டு அந்தப் பள்ளிக்குப் போனேன். தாளாளர் எழுந்து நின்று வணங்கினார். உட்காரவில்லை நான்.

“ஒரு விஷயம் தெளிவுபடுத்திட்டுப் போக வந்தேன். என் வீட்டுக்கு வந்த ஏழு பேரும் பெண் பார்க்க வந்தவங்க இல்ல. வீடு வாங்க வந்தவங்க. நான் என் வீட்டை விற்கிறேன். அவங்க வேண்டாம்னு சொன்னது வீட்டைத்தான். என் மகளை இதுவரைக்கும் யாரும் பார்க்கவும் இல்ல, மறுக்கவும் இல்ல.”

தாளாளர் கண்ணாடியைக் கழற்றினார். வருந்தப்போகிறார் என்று எதிர்பார்த்தேன்.

“மனை எத்தினி அடிங்க சார்?” என்றார்.

“என்ன?”

“ஸ்கூலுக்கு ஒங்க தெரு கிட்டத்துலதான. எல்.கே.ஜி. பசங்களுக்குத் தனியா ஒரு கட்டடம் தேடிட்டிருக்கேன். மொதல்லியே ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா சார்? பாப்பா திங்கக்கெழமையே வந்து சேந்துக்கட்டும். நமக்குள்ள இன்னா.”

குடையை ஊன்றியபடி நான் வீடு திரும்பிய நடையை நினைத்தால் இப்போதும் எனக்குக் காது சுடுகிறது. ஒரே போக்கில் வீட்டையும் விற்று, மகளுக்கு வேலையும் வாங்கி, தெருவுக்கும் தெரியாமல் முடித்துவிட்டதாகவே எண்ணிக்கொண்டு வந்தேன். கூடத்தில் நின்று அறிவிக்கவும் செய்தேன்.

மனைவிதான் முதலில் பேசினாள். “நேத்து நடு வருஷத்துல போயிடுவான்னாரே. இன்னிக்குப் போவமாட்டாளா?”

மகள் வீணையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்: “காய் வாங்கினா கறிவேப்பிலைய கொசுறாப் போடுவாங்க. வீடு வாங்கினா பொண்ணுக்கு வேலையா? கொசுறாப் போறதுக்கு நான் எம்.எஸ்ஸி. படிக்கலப்பா.”

அவள் குரலை உயர்த்தவில்லை. அது என் குரல்தான். இலஞ்சமாகப் பழக்கூடை கொண்டுவந்தவர்களை நான் அலுவலக வாசலிலேயே திருப்பி அனுப்பிய குரல். அதை அவளிடமிருந்து கேட்ட பிறகு எனக்கு ஒரு வழிதான் இருந்தது.

பரணில் என் பழைய பெயர்ப்பலகை கிடந்தது. பணியில் இருந்தபோது பதவிப் பெயரோடு எழுதி மாட்டியிருந்தது. அதை இறக்கி, பின்பக்கத்துத் தூசியைத் துடைத்து, சிவப்பு பெயிண்டில் ‘இவ்வீடு விற்பனைக்கு. நேரில் விசாரிக்கவும்’ என்று எழுதினேன். மாலையில், தெரு முழுவதும் வாசலில் இருக்கும் நேரமாகப் பார்த்து, ஸ்டூல் போட்டு ஏறி மாட்டினேன். ஆணியில் இரண்டாவது அடி விழுவதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது.

எதிர்வீட்டு அம்மாள் தலைப்பைச் செருகிக்கொண்டு முன்னால் வந்தார். “இன்னா சார் இது? அப்ப வந்தவங்கல்லாம்?”

“வீடு பாக்க வந்தவங்க,” என்றேன், தெருமுனைக்குக் கேட்கும்படி. “ஏழு பேருக்கும் வீடு புடிக்கல. பெண்ணை யாரும் பாக்கல. எல்லாரும் தெரிஞ்சிக்குங்க.”

பின்வரிசையிலிருந்து பால்காரரின் குரல் வந்தது: “அப்ப சாரும் வீடுதின்னியா?”

தெரு சிரித்தது. குழந்தைகளும் கிழவர்களும் சிரித்தார்கள். என் மகள் சன்னலுக்குள்ளிருந்து சிரித்தாள். ஸ்டூல் மேல் நின்றபடி சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டு கௌரவமாகத் தோற்றமளிப்பது கடினம் என்று அன்று அறிந்தேன்.

“ஆமாம்,” என்றேன்.

அந்தச் சொல் என்னோடு வேங்கிக்காலுக்கும் வந்தது, வரட்டும். தாளாளருக்கு ‘வீடு தங்களுக்கில்லை’ என்று இரண்டு வரிக் கடிதம் எழுதி அனுப்பினேன். அடுத்த மாதம் மகளுக்குக் கீழ்பென்னாத்தூரில் ஒரு சிறு பள்ளியில் இடம் கிடைத்தது. கல்யாணம் எப்போது என்று கேட்காமல், பிளஸ் டூ வகுப்பைத் தனியாகச் சமாளிப்பியா என்று மட்டும் கேட்டார்களாம். பஸ்ஸில் போய் வந்தாள்.

பலகை மாட்டிய மூன்றாம் நாளே வீட்டுக்கு ஆள் வந்துவிட்டது. எதிர்வீட்டு அம்மாள்தான். கணவரோடும் கல்யாணமான இரண்டாவது மகனோடும், கையில் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கும் ஒரு சீப்பு பழமும் பூவுமாகத் தெருவைக் குறுக்கே கடந்து வந்தார். எங்கள் அடுக்களையில் எந்த ஏனம் எங்கே இருக்கிறதென்று என்னைவிட நன்றாக அறிந்தவர், அன்று அதைப் புதிதாகப் பார்ப்பவர்போல் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்.

“சின்னவனுக்கு இதே தெருவுல வீடு வேணும்னு ரெண்டு வருஷமா தேடறோம்க்கா. எதிர்ல இருந்துக்கிட்டு ஒரு வார்த்த சொல்லலியே!” என்று என் மனைவியிடம் மூக்கை உறிஞ்சினார். பிறகு ஜமக்காளத்தில் வசதியாக உட்கார்ந்து, “ஊர்ல இருக்கிறவங்களுக்கெல்லாம் வாசிச்சிச்சே பொண்ணு, எங்களுக்கு மட்டும் இல்லியா?” என்றார்.

மகள் வீணையைக் கூடத்துக்கே கொண்டுவந்து வைத்து வாசித்தாள். மேல் ஸட்ஜத்தில் நாய் தன் பங்கைச் செலுத்தியது. கீதம் முடிந்ததும் அம்மாள் கணவரைப் பார்த்தார்; கணவர் மகனைப் பார்த்தார்.

“வீடு புடிச்சிருக்குங்க,” என்றார் அம்மாள்.

எங்கிருந்தோ செய்தி அறிந்து தரகர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். தோளிலிருந்த துண்டை எடுத்து என் கையின் மேல் போட்டார். எதிர்வீட்டுக்காரரின் கை உள்ளே வந்து என் விரல் ஒன்றைப் பிடித்தது. மற்றொன்றைத் தொட்டுத் தயங்கியது. நான் துண்டை உருவித் தரகரின் தோளிலேயே திரும்பப் போட்டேன். திறந்திருந்த சன்னலை நோக்கி, என் வீட்டின் விலையை முழுமையாக, ஒவ்வோர் எழுத்தாக உச்சரித்துச் சொன்னேன்.

“ஜாஸ்தி சார்!” என்று தெருவிலிருந்து குரல் வந்தது.